நூலகத்தில் பிறந்தநாள் பரிந்துரைப் பலகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசைக்கலைஞர், எழுத்தாளர் பிறந்தநாளையொட்டி நூலகத்தில் புத்தகங்களை எடுத்து வைக்கும்போது முதல் பிழை தேதியிலேயே நேர்கிறது. பேத்தோவனுக்கு டிசம்பர் 16 என்று தயங்காமல் எழுதிவிடுகிறார்கள். பான் நகரத் தேவாலயப் பதிவேட்டில் இருப்பது 1770 டிசம்பர் 17 அன்று நடந்த ஞானஸ்நானம் மட்டுமே. பிறந்த தேதிக்குப் பதிவு கிடையாது. ஷேக்ஸ்பியருக்கும் 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நான நாள். ஏப்ரல் 23 மரபாக வந்தது. இவர்களின் அட்டையில் ‘ஞானஸ்நானம்’ என்றே எழுதுங்கள்.

அதிகம் குழப்புவது பழைய ஜூலியன் நாட்காட்டி. ரஷ்யா 1918 வரை அதைத்தான் பின்பற்றியது. இன்றைய தேதிக்கு மாற்ற எல்லோருக்கும் 13 நாள் கூட்டுவது பரவலான தவறு. 17ஆம் நூற்றாண்டில் பிறந்தவருக்கு 10, 18க்கு 11, 19க்கு 12, 20க்குத்தான் 13. டால்ஸ்டாய் பிறந்தது பழைய கணக்கில் 1828 ஆகஸ்ட் 28. 12 நாள் கூட்டினால் செப்டம்பர் 9. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: 1685 மார்ச் 21 பழைய தேதி, புதிய கணக்கில் மார்ச் 31. ஆனால் உலகம் பெரும்பாலும் 21ஐத்தான் கொண்டாடுகிறது. எந்தக் கணக்கு என்று அட்டையில் குறித்துவிட்டால் இரண்டுமே சரி.

நூலகத்தின் பழைய கலைக்களஞ்சியத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தாம் பிறந்தது 1900 ஜூலை 4 என்று தாமே சொல்லிவந்தார். அவர் மறைந்த பிறகு கிடைத்த ஞானஸ்நானப் பதிவு அவர் பிறந்தது 1901 ஆகஸ்ட் 4 என்கிறது. முந்தைய பதிப்புகளில் பழைய தேதிதான் இருக்கும். தியாகராஜர் ஆராதனையைப் பிறந்தநாளாக எண்ணுவோரும் உண்டு. அது 1847இல் அவர் மறைந்த திதி. பிறந்தது 1767 மே 4.

தேதி சரியானாலும் பரிந்துரையில் சறுக்கலாம். டால்ஸ்டாய் என்றதும் ஆயிரம் பக்க நாவலை முன்னால் வைத்தால் அது பலகையிலேயே தங்கிவிடும். ஒரு குறுநாவல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, பிறகு பெருநாவல் என்று வையுங்கள். அதே செப்டம்பர் 9இல்தான் 1899இல் கல்கியும் பிறந்தார். இருவரையும் சேர்த்து வைத்தால் ஒருவரைத் தேடி வந்தவர் இன்னொருவரையும் எடுத்துப் போவார். ஜூன் 24 இன்னும் அருமையான நாள்: கண்ணதாசன் 1927, எம்.எஸ். விஸ்வநாதன் 1928. பாடல் தொகுப்பையும் ஒலிப்பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இதைவிடப் பொருத்தமான தேதி கிடைப்பது கடினம்.

இசைக்கலைஞருக்கு வாழ்க்கை வரலாறு மட்டும் வைப்பது பெரிய குறை. இசை கேட்காமல் அந்த வரலாறு ஒட்டாது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் இசை 780இல், இலக்கியம் 800களில் இருக்கும்; வாழ்க்கை வரலாறுகளைச் சில நூலகங்கள் 920இல் தனியே அடுக்குகின்றன; ஒலித்தட்டுகள் வேறு அலமாரியில் இருக்கலாம். எல்லாவற்றையும் தேடுங்கள். பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் தேடி ‘இல்லை’ என்று விட்டுவிடாதீர்கள்: டால்ஸ்டாய், தல்ஸ்தோய் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

தேடலை ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். வெளியே போன பிரதி திரும்பிவர அவ்வளவு நாள் ஆகும். பலகையிலிருந்து ஒரு புத்தகம் இரவல் போனதும் அந்த இடத்தில் வைக்க ஒவ்வொரு எழுத்தாளருக்கும் இசைக்கலைஞருக்கும் இரண்டு மாற்று நூல்களைத் தனியே எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் காலியான பலகையை முதல் நாள் மாலையிலேயே பார்க்க நேரிடும்.