குடும்பமாக யுகுலேலே: கடையிலிருந்து முதல் பாட்டு வரை

வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே வாத்தியம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் குட்டிக் கிட்டார் போலிருக்கும் யுகுலேலேதான் சரி என்பது என் கட்சி. நான்கே தந்தி, அதுவும் நைலான். விரல் நுனி அதிகம் எரியாது, முதல் நாளே ஒரு கார்ட் (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்துவிடலாம். கிட்டாரா, கீபோர்டா என்று இன்னும் யோசிப்பவர்களோடு வாதாட இந்தப் பதிவு இல்லை. முடிவெடுத்தவர்கள் மேலே படிக்கவும்.

படி 1: அளவு

சோப்ரானோ 21 அங்குலம், கான்சர்ட் 23, டெனர் 26. மூன்றுக்கும் சுருதி ஒன்றுதான், விரல் வைக்கும் இடமும் ஒன்றுதான். அதனால் வீட்டில் மூன்றையும் கலந்து வைத்துக்கொள்ளலாம். நான்காவதாக பாரிடோன் என்று 30 அங்குலத்தில் ஒன்று உண்டு. “சாருக்குக் கை பெரிசு” என்று கடைக்காரர் அதை எடுத்து நீட்டக்கூடும். வேண்டாம். அதன் தந்திகள் கிட்டாரின் முதல் நான்கு தந்திகளைப் போல டி, ஜி, பி, ஈ (மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்). பிள்ளைகள் சி கார்ட் பிடிக்கிற அதே விரலை அப்பா அதில் வைத்தால் ஜி கேட்கும்.

எட்டு வயதுக்குக் கீழ் என்றால் சோப்ரானோ, மற்றவர்களுக்கு கான்சர்ட். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கான்சர்ட்.

படி 2: கடையில் பார்க்க வேண்டியது

கலரைப் பார்க்காதீர்கள். ஒரு தந்தியைச் சும்மா மீட்டுங்கள், பிறகு அதையே பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி, வீணையின் மெட்டு போல) அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாக, ஒரு ஸ்தாயி தள்ளிக் கேட்க வேண்டும். பிசகினால் அந்த வாத்தியம் என்றைக்கும் சுருதி சேராது. அடுத்து முதல் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். அங்கே விரல் வலிக்க அழுத்த வேண்டியிருந்தால், தலைப்பக்கம் தந்தி உட்காரும் பள்ளம் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். குழந்தைக்கு அது ஒரு வாரத்தில் அலுத்துவிடும். மலிவாக நாலு வாங்குவதைவிட உருப்படியாக இரண்டு வாங்கி மாற்றி மாற்றி வாசிக்கலாம்.

“இது எந்த ஊர் வாத்தியம்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஹவாய்தான். ஆனால் அதன் தாய் வாத்தியம் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து போனது. 1879-ல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹொனலுலுவில் வந்திறங்கிய குடியேறிகளில் மூன்று தச்சர்கள் இருந்தார்கள். அங்கே முதன்முதலில் யுகுலேலே செய்தவர்கள் என்று அவர்களைத்தான் சொல்கிறார்கள். மன்னர் கலாகவாவுக்குப் பிடித்துப்போனதும் அரண்மனை வரை ஏறிவிட்டது.

படி 3: சுருதி சேர்ப்பது

ஒரு நிமிஷ வேலை என்று பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். தனி ஆள் என்றால் சமாளிக்கலாம். மூன்று யுகுலேலே சேர்ந்து ஒலிக்கும்போது வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் முகத்துக்குக் கிட்டே இருப்பது நான்காம் தந்தி, ஜி. அதிலிருந்து கீழே சி, ஈ, ஏ. சி-யை 1 கட்டை ஸட்ஜம் என்று வைத்தால் வரிசை ப, ச, க, த. வீணை பழகிய என் அம்மா இதைப் பார்த்ததும், “ச பக்கத்துல இருக்கற ப மந்தரமா இல்ல இருக்கணும்?” என்றார். இங்கே அப்படி இல்லை. இந்த ப, ச-வுக்கு மேலே உள்ள மத்திய ஸ்தாயி ப. இது தெரியாமல் ஜி தந்தியைத் தளர்த்திக் கீழ் ஸ்தாயியில் வைத்தாலும் ட்யூனர் (சுருதி காட்டும் சின்னக் கருவி) “ஜி” என்றுதான் காட்டும். தந்தி தொளதொளவென்று அடிக்கும். சோதிக்க வழி சுலபம்: ஈ தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். அந்த ஒலியும், அழுத்தாமல் மீட்டும் ஜி-யும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எங்களை ரொம்பப் படுத்தியது வேறு. மூன்று பேரிடமும் ஆளுக்கொரு கிளிப் ட்யூனர், மூன்றிலும் ‘சேர்ந்துவிட்டது’ என்று பச்சை விளக்கு. சேர்ந்து மீட்டினால் காது கூசியது. “சத்தியமா எல்லாம் பச்சை, பாட்டி” என்றான் பெரியவன். அம்மா ஒவ்வொருவரையும் தனியாக மீட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, “உன்னோடதுதான் எறங்கி இருக்கு” என்று அவனையே காட்டினார். அவன் ட்யூனரின் திரை ஓரத்தில் பொடி எழுத்தில் 432 என்று இருந்தது. மற்ற இரண்டிலும் 440.

ஏ ஸ்வரத்தை எத்தனை ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்வது என்பதற்கான எண் அது. பொது வழக்கம் 440. கிளிப்பை மாட்டும்போது பக்கத்துப் பொத்தானில் விரல் பட்டாலே மாறிவிடும். 432-க்கும் 440-க்கும் உள்ள இடைவெளி ஒரு ஃப்ரெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தனியாக வாசித்தால் தெரியாது, கூட்டத்தில் பல்லைக் கடிக்க வைக்கும். முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். அதைவிட நல்லது, வீட்டுக்கு ஒரே ட்யூனர், கைமாற்றிக் கைமாற்றி.

போன் ஆப் எனக்குப் பிடிக்காது. பக்கத்தில் இருப்பவர் மீட்டுவதையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும். கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வை எடுப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

புதுத் தந்தி சில நாள் இறங்கிக்கொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம். சுருதி சேர்த்து, தந்தியை விரலால் மெல்ல இழுத்துவிட்டு, மறுபடி சேருங்கள். சுருதி ஏறிப்போனால் நன்றாகக் கீழே இறக்கி, அங்கிருந்து பிருடையை முறுக்கி மேலே கொண்டுவாருங்கள். அப்போதுதான் நிற்கும்.

படி 4: மூன்று கார்ட், மூன்று ஆள்

சி: ஏ தந்தி மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரல், அவ்வளவுதான். எஃப்: ஜி தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல், ஈ தந்தி முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல். ஜி7: ஈ தந்தி முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி, சி தந்தி இரண்டில் நடுவிரல், ஏ தந்தி இரண்டில் மோதிர விரல்.

ஒருவரே மூன்றுக்கும் தாவப் பழக நாளாகும். அதுவரை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைக்கு சி, அடுத்தவருக்கு எஃப், பெரியவருக்கு ஜி7. தன் முறை வரும்போது மட்டும் மீட்டினால் போதும். இதனாலேயே தாளம் தானாக வந்துவிடுகிறது.

படி 5: முதல் பாட்டு

எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலப் பிறந்தநாள் பாட்டு. மூன்று மூன்றாக எண்ணுங்கள். மூன்று எண்ணிக்கை ஒரு சுற்று, மொத்தம் எட்டுச் சுற்று: சி, ஜி7, ஜி7, சி, சி, எஃப், ஏழாவதில் இரண்டு எண்ணிக்கை சி, ஒன்று ஜி7, எட்டாவது சி. “ஹாப்பி” என்ற சொல்லுக்கு மீட்ட வேண்டாம், “பர்த்” என்ற இடத்தில்தான் முதல் சுற்று தொடங்குகிறது.

கர்நாடக சங்கீதம் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் மோகன ராகம் வாசிக்கச் சொல்லுங்கள். அழுத்தாத நான்கு தந்திகளுமே மோகனத்தின் ஸ்வரங்கள். சி தந்தி அழுத்தாமல் ச, இரண்டாம் ஃப்ரெட் ரி, ஈ தந்தி அழுத்தாமல் க, மூன்று ப, ஏ தந்தி அழுத்தாமல் த, மூன்று மேல் ச. கமகத்துக்குத் தந்தியை ரொம்ப இழுக்க வராது, அம்மாவுக்கு அந்தக் குறை இன்னும் உண்டு.

பின்சேர்க்கை, கேட்டவர்களுக்காக

“எண் 440-தான், ஆனாலும் ஒருவருடையது சேரவில்லை” என்று எழுதியிருந்தீர்கள். ட்யூனரில் டி ட்யூனிங் என்ற பழைய முறை தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். அதில் எல்லாத் தந்தியும் இரண்டு ஃப்ரெட் மேலே போய்விடும்.

கிட்டாரின் எஃகுத் தந்தியை இதில் மாட்டலாமா? கூடாது. இழுவிசை தாங்காமல், தந்தியைக் கட்டியிருக்கும் பாலம் (பிரிட்ஜ்) பெயர்ந்துவிடும்.

இடது கைக் குழந்தைக்கு? முதலில் வலது கைக்காரர் போலவே பிடிக்கக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு கைக்குமே வேலை புதிதுதான். ஒத்துவரவில்லை என்றால் தந்திகளைத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் கடைக்காரரிடம் கொடுத்து மாட்டுங்கள். தந்தி உட்காரும் பள்ளங்களின் அகலம் வேறுபடுவதால் சில சமயம் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.