தொடரில் வரும் பாட்டுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது? கண்டுபிடிக்க நான் பின்பற்றும் வழி

முதல் தடவை பார்க்கும்போது எதையும் தேடாதீர்கள், கதையோடு போங்கள். பாட்டு மனதில் ஒட்டிக்கொண்டால் மட்டும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், யார் முகத்தில் தொடங்குகிறது, எந்த வரியில் வெட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் பார்ப்பவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொள்வது நல்லது. பின்னணியில் மெல்லப் போகும் பாட்டில்தான் விஷயம் அதிகம் இருக்கும்.

பாட்டின் பெயருக்கு, ஒலிப்பதைக் கேட்டே கண்டுபிடிக்கும் ஷஸாம் செயலி போதும். அது கைவிட்டால், கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை முழுசாக ஓடவிடுங்கள்.

அடுத்து, தொடரில் வராத சரணங்களையும் சேர்த்து முழுப் பாட்டையும் கேளுங்கள். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நான்காம் சீசனில் மேக்ஸ் என்ற சிறுமியைக் காப்பாற்றும், பாடகி கேட் புஷ்ஷின் பாட்டு 1985இல் வந்தது. கடவுளிடம் பேரம் பேசி, நீயும் நானும் இடம் மாறிக்கொள்ள முடிந்தால் என்று ஏங்கும் பாட்டு அது. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது. மேக்ஸோ, மாற்றுத் தந்தையின் மகன் தன் கண்ணெதிரே செத்ததை மறக்க முடியாமல் தவிப்பவள். அவள் காதில் அந்த ஏக்கம் வேறு பொருள் கொள்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இதையெல்லாம்விட முக்கியமானது, அந்தத் தொடரின் ஊர்க்காரரிடம் கேட்பது. கொரியத் தொடரான ‘ஸ்க்விட் கேம்’ முதல் சீசனில் (2021) போட்டியாளர்களை எழுப்ப டிரம்பெட் இசை ஒலிக்கும். பச்சை உடுப்போடு அடுக்குக் கட்டில்களிலிருந்து தூக்கக் கலக்கத்தில் இறங்குவார்கள். இசையமைப்பாளர் ஹைடனின் டிரம்பெட் கன்செர்ட்டோவில் மூன்றாம் பகுதி என்று ஷஸாமே சொல்லிவிடும். ஆனால் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக் கொரியப் பெண் சொன்னது எந்தச் செயலியிலும் கிடைக்காது. ‘ஜாங்ஹாக் குவிஸ்’ என்று 1973இல் தொடங்கிய வினாடி வினா. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் உபகாரச் சம்பளத்துக்காகப் போட்டியிடுவார்கள். அதன் தொடக்க இசை இதுதானாம். படித்தால் முன்னுக்கு வரலாம் என்று பிள்ளைகளுக்கு நம்பிக்கை கொடுத்த இசை, கடனில் மூழ்கிய பெரியவர்களைச் சாகக் கூப்பிடுகிறது! இது தெரிந்தபின் அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

தமிழ்த் தொடரென்றால் அம்மாவிடமோ மாமியாரிடமோ கேளுங்கள். பழைய சினிமாப் பாட்டு வந்தால், படத்தில் அதை யார், என்ன நிலைமையில் பாடினார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வீணையோ நாதஸ்வரமோ மட்டும் வந்தால் ராகத்தைக் கவனியுங்கள். முகாரி சோகத்துக்கு, நீலாம்பரி தாலாட்டுக்கு என்பது நம் வழக்கம். கல்யாணக் காட்சியில் முகாரி சாயல் கேட்டால், ஏதோ நடக்கப்போகிறது.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பாட்டிலும் ரகசியம் இருக்காது. மனதுக்குள் வேறு பாட்டை அங்கே போட்டுப் பாருங்கள். காட்சியின் பொருள் மாறாமல் அப்படியே நின்றால், விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூரின் வசந்தம் ஒளிவழி நாடகங்களில் நாம்தான் ஊர்க்காரர். வேலை போன அப்பா ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டே ‘முன்னேறு வாலிபா’வை முணுமுணுத்தால், சென்னையிலிருக்கும் அத்தைக்கு அது வெறும் உற்சாகப் பாட்டு. பள்ளியில் தேசிய தினத்துக்கு அதைப் பாடி வளர்ந்த நமக்கு அப்படியா? அத்தைக்கு அதை விளக்கி வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பிவிடுங்கள்.