கொலெட்டோட்ரைக்கம் பூசணத்துக்குப் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழ அழுகல் வந்த மிளகாயை லென்ஸில் பாருங்கள். குழிந்த புள்ளிக்குள் வட்டவட்டமாகக் கரும்புள்ளிகள், அவற்றில் விறைத்து நிற்கும் கரிய முள்மயிர்கள். நுண்ணோக்கியில் வைத்தால் பூசணத்தின் பிறை வடிவ வித்துகள். இவ்வளவு பார்த்ததுமே பலரும் ‘கொலெட்டோட்ரைக்கம் கேப்சிசி’ என்று எழுதிவிடுகிறார்கள். 1913-ல் பூசணவியலாளர் சிடோவ் விவரித்த இந்தச் சிற்றினத்துக்கு நம் கோயம்புத்தூர் மிளகாய்தான் மூலம். ஆனால் 2009-ல் அதை ‘ட்ரங்கேட்டம்’ என்ற பழைய சிற்றினத்தோடு சேர்த்துவிட்டார்கள். அது பயறு வகைகளையும் தாக்கும். மிளகாயில் வந்ததால் மட்டும் மிளகாய்ப் பூசணம் ஆகிவிடாது. அதே வயலில், முனை கூரான நேர் வித்து கொண்ட ‘ஸ்கோவில்லி’ என்ற வேறு சிற்றினமும் இருக்கலாம்.

பயிருக்கொரு பெயர் வைத்துத்தான் கொலெட்டோட்ரைக்கம் என்ற இந்தப் பேரினத்தில் சுமார் 750 பெயர்கள் குவிந்தன. 1957-ல் ஃபான் ஆர்க்ஸ் என்ற பூசணவியலாளர் அவற்றை 11-ஆகச் சுருக்கினார். அப்புறம் எதிர்த்திசையில் ஒரு தவறு பழகிப்போனது: முனை உருண்ட நேர் வித்தா, சரி, ‘கிளியோஸ்போரியாய்டிஸ்’ என்று முடித்துவிடுவது. அந்தப் பெயருக்குள் அடங்கும் நெருங்கிய உறவுக் கூட்டத்திலேயே 22 சிற்றினங்கள் இருப்பதை 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. இன்றும் மாம்பழக் கரும்புள்ளிக்கெல்லாம் இந்த ஒரே பெயரைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வளர்ப்புத் தட்டில் முள்மயிர் இல்லை என்பதற்காக வேறு பேரினம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வளர்ப்பு ஊடகத்தையும் வெளிச்சத்தையும் பொறுத்து அது வரும், வராமலும் போகும். முளைக்கத் தொடங்கிய வித்தை அளக்கவும் கூடாது. அதற்குள் அது உப்பியிருக்கும், நடுவில் குறுக்குச் சுவரும் விழுந்திருக்கும். இலைத்தோலில் ஒட்டிக்கொள்ள முளைக்குழாய் நுனியில் உண்டாகும் கரும்பழுப்பு ஒட்டுறுப்பின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, மடல்மடலாக இருக்கிறதா என்று பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வித்து காட்டாத வேறுபாட்டைச் சில சமயம் அது காட்டும்.

டிஎன்ஏ பார்த்தாலும், பூசணங்களை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் ஐடிஎஸ் பகுதி மட்டும் போதாது. அது எந்தக் கூட்டம் என்று சொல்லும், பெரும்பாலும் சிற்றினத்தைச் சொல்லாது. ஜிஏபிடிஎச், பீட்டா-டியூபுலின் போன்ற மரபணுக்களும் வேண்டும். தரவுத்தளத்தில் முதலில் வரும் பெயரை அப்படியே எடுக்காமல், அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைத்திருக்கும் மாதிரி வகை வளர்ப்போடு ஒப்பிடுங்கள்.

பெயர் தவறினால் மருந்தும் தவறலாம். ‘ஸ்கோவில்லி’ சேர்ந்த ‘அக்யூடேட்டம்’ கூட்டத்துப் பூசணங்கள் கார்பன்டசிம் போன்ற பூசணக்கொல்லி மருந்துகளுக்குக் ‘கிளியோஸ்போரியாய்டிஸ்’ கூட்டத்தைப்போல எளிதில் அடங்குவதில்லை.