கஃப் இல்லாமல் பிபி அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் சுற்றி இறுக்கும் கஃப் பட்டை இல்லாமல், கைக்கடிகாரம், மோதிரம் போன்ற சாதனங்களில் ரத்த அழுத்தம் (பிபி) அளக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். சென்சார் தளர்ந்தால் சிக்னல் கெடும், கையை ஆட்டினால் அளவு தப்பும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேலிப்ரேஷன் எண்ணையே திருப்பிச் சொல்லும் மாடல்

இன்னமும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கஃப் இல்லாத சாதனங்களில் பலவும் முதலில் ஒரு கஃப் மெஷின் காட்டும் எண்ணை வாங்கிக்கொள்கின்றன. இதுதான் கேலிப்ரேஷன். அப்புறம் தோலில் ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பதியும் பிபிஜி அலையின் வடிவத்தையோ, துடிப்பு இதயத்திலிருந்து மணிக்கட்டுக்கு வந்துசேரும் நேரத்தையோ வைத்து, அந்த எண் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று கணக்கிடுகின்றன. இந்தக் கணக்கைப் போடும் நிரல்தான் மாடல். அழுத்தம் கூடினால் தமனிச் சுவர் விறைக்கும், துடிப்பலை வேகமாக ஓடும். இந்த அடிப்படை சரியானது. கோளாறு, சோதிக்கும் முறையில் இருக்கிறது.

ஒருவரை உட்காரவைத்து கேலிப்ரேட் செய்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, அதே நாற்காலியில், அதே ஓய்வு நிலையில் மறுபடி அளக்கிறார்கள். அதற்குள் அவருடைய பிபி எவ்வளவு மாறிவிடப்போகிறது? கஃப் மெஷின்களுக்கான ஐஎஸ்ஓ 81060-2 தரத்தின்படி, 85 பேரில் சராசரிப் பிழை 5 மி.மீ. பாதரச அளவையும், பிழைகளின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் 8 மி.மீ.யையும் தாண்டக்கூடாது. சென்சாரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முதலில் வாங்கிய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாதனமும் இந்த மாதிரிச் சோதனையில் அந்த எல்லைக்குள் வந்துவிடக்கூடும்.

ஓர் இளம் குழு இப்படித்தான் அழகான வரைபடங்களோடு வந்தது. பிழை மிகக் குறைவு. நான் கேட்டது ஒன்றே ஒன்று: பிபிஜி சிக்னலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் நேர்கோட்டைக் கொடுத்து மாடலை ஓட்டிப் பாருங்கள். ஓட்டினார்கள். பிழை ஏறவே இல்லை. கேலிப்ரேஷன் எண், வயது, எடை இவற்றை வைத்தே மாடல் அத்தனை நாளும் பதில் சொல்லியிருக்கிறது. மாதக்கணக்கான உழைப்பு போயிற்று. ஆனால் ஆய்வகத்திலேயே தெரிந்ததில் எனக்கு நிம்மதி. வெளியே போயிருந்தால், புது மாத்திரையால் ஒருவருக்கு 150 இருந்தது 120-க்கு இறங்கிய பிறகும் அவர் கையில் 148 என்றே காட்டிக்கொண்டிருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் டோஸைக் கூட்டச் சொல்லிக் கேட்பார்.

எனவே, கேலிப்ரேஷன் எண் மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு பிழை வருமோ, அதைக் கணக்கிட்டு உங்கள் முடிவுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். மாடல் அதை வெல்லவில்லை என்றால் சென்சாரிலிருந்து உங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள்.

அடுத்து, அழுத்தத்தை உண்மையாகவே மாற்றிப் பாருங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லலாம், ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொல்லலாம். இரவுத் தூக்கத்தில் அளக்கலாம். வழக்கமாகப் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். மருந்து தொடங்கிச் சில வாரம் கழித்தும் அளக்கலாம். சைக்கிள் மிதிக்கவைப்பது மட்டும் போதாது. அதில் நாடித்துடிப்பும் கூடவே ஏறுவதால், மாடல் துடிப்பை எண்ணியே பிபி சொல்லக் கற்றுக்கொள்ளும். ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கத்தின் 2023 பரிந்துரை, ஓய்வு நிலைச் சோதனையோடு நில்லாமல் கையின் நிலை, மருந்து, தூக்கம், உடற்பயிற்சி, மறு கேலிப்ரேஷன் எனத் தனித்தனிச் சோதனைகள் கேட்கிறது. அதை முழுமையாகப் படியுங்கள்.

ஒரே ஆள் இரண்டு பக்கமும்

பயிற்சிக்கும் சோதனைக்கும் டேட்டாவை ஆள் வாரியாகப் பிரியுங்கள். துடிப்பு வாரியாகப் பிரித்தால் ஒரே ஆளின் துடிப்புகள் இரண்டு பக்கமும் போய், மாடல் ஆளை அடையாளம் கண்டே தப்பித்துவிடும்.

கை உயரம்

மணிக்கட்டு இதயத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்தால் அங்கே அழுத்தம் ஏறக்குறைய 8 மி.மீ. கூடும். கை எங்கே இருந்தது என்று ஒவ்வொரு அளவிலும் குறியுங்கள்.

ஈசிஜியிலிருந்து எடுக்கும் நேரம்

இதயத்தின் மின்தூண்டலைப் பதியும் ஈசிஜியில் உயரமாகத் தெரியும் ஆர் முனை தொடங்கி விரலில் துடிப்பு தெரியும்வரை ஆகும் நேரம் முழுவதும் தமனியில் ஓடிய நேரம் இல்லை. மின்தூண்டலுக்கும் வால்வு திறப்பதற்கும் இடையே இதயம் எடுத்துக்கொள்ளும் நேரமும் அதில் கலந்திருக்கிறது. பதற்றப்பட்டாலும், எழுந்து நின்றாலும், சில மருந்துகள் சாப்பிட்டாலும் அந்த இடைவெளி தன்போக்கில் மாறும். மார்பில் அதிர்வு சென்சார் வைத்து வால்வு திறக்கும் கணத்தைப் பிடியுங்கள். அல்லது உடலில் இரண்டு இடங்களில் பிபிஜி எடுத்து, அவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தை அளங்கள்.

சாம்பிளிங்

சிக்னலை நொடிக்கு 125 முறை பதிந்தால், அதாவது 125 ஹெர்ட்ஸில், ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் 8 மில்லிநொடி. துடிப்பு நேரத்தை நம்பும் முறைக்கு இது மிகக் கரடுமுரடு.

ஃபில்டர்

சிக்னலில் இரைச்சலை நீக்கும் ஃபில்டரை ஈசிஜிக்கு ஒன்று, பிபிஜிக்கு வேறொன்று என்று போட்டால் தாமதமும் வேறுவேறாகும். சரிபாருங்கள்.

கஃபும் சென்சாரும் ஒரே கையில்

கஃப் இறுகியதும் அதற்குக் கீழே ரத்த ஓட்டம் நின்றுவிடும். அந்த நேரத்து பிபிஜி எதற்கும் உதவாது. சென்சாரை மறு கையில் போடுங்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு கைகளிலும் கஃப் வைத்து அளந்துவிடுங்கள். சிலருக்கு இரண்டுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கும். அவர்களுடைய அளவுகளை மொத்தச் சராசரியில் கரைத்துவிடாமல் தனியாக வையுங்கள்.