அடிக்கடி காயப்படும் நட்சத்திர வீரரை வைத்துக்கொள்வதா, விடுவதா? நான் கணக்குப் பார்க்கும் முறை

கால்பந்து அணிகளில் பல வருடம் பிசியோவாக இருந்தேன். அப்புறம் ஒப்பந்தம் பேசும் கூட்டங்களிலும் உட்கார ஆரம்பித்தேன். அங்கே சீசனுக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும்: "இவ்வளவு கொட்டிக் கொடுத்து வாங்கினோம், பாதி நாள் படுத்தே கிடக்கிறார், என்ன செய்யலாம்?" சிலர் கோபத்தில் பதில் சொல்வார்கள், சிலர் பாசத்தில் பதில் சொல்வார்கள். இரண்டு வகை முடிவும் அணியின் கையைச் சுட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன்.

முதலில், எப்போது முடிவெடுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். புதுக் காயம் பட்ட வாரத்தில் வேண்டாம், அப்போது எல்லோருக்கும் எரிச்சல் இருக்கும். திரும்பி வந்து முதல் கோல் அடித்த வாரத்திலும் வேண்டாம், அப்போது எல்லோருக்கும் கண் கலங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபர் சந்தை, அதாவது கிளப்கள் வீரர்களை வாங்கி விற்கும் காலம், திறக்க இரண்டு மாதம் இருக்கும்போது ஆற அமர உட்காருங்கள். விற்பதாக முடிவானாலும் ஆள் தேட நேரம் இருக்கும்.

மொத்த நாளை எண்ணாதீர்கள், காயங்களைப் பிரித்துப் படியுங்கள்

ஒரு பெரிய தாளில் கடந்த மூன்று சீசன்களின் வாரங்களைக் கட்டம் கட்டமாக வரையுங்கள். ஆடாத வாரங்களுக்குச் சிவப்பு அடியுங்கள். ஒவ்வொரு சிவப்புக் கட்டத்திலும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த இடம், எப்படிப் பட்டது, திரும்பி வர எத்தனை நாள், வந்த பிறகு முதல் இரண்டு மாதம் எப்படிப் போனது.

அந்த இரண்டு மாதத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூயெஃபா 2001 முதல் பெரிய கிளப்களின் காயங்களைத் தொடர்ந்து பதிவு செய்துவருகிறது. அதில் தொடையின் பின்தசைக் காயம், அதாவது ஹாம்ஸ்ட்ரிங், 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்தது. 2021-22 சீசனில் 24 சதவீதமாகிவிட்டது. ஹாம்ஸ்ட்ரிங் காயங்களில் 18 சதவீதம் அதே இடத்தில் மறுபடியும் வந்தவை. அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், வீரர் திரும்பி வந்த இரண்டே மாதத்துக்குள் வந்தவை. ஆகவே மூன்று சிவப்புப் பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அவை மூன்று காயங்களாக இருக்க வேண்டியதில்லை. சரியாக ஆறாத ஒரே காயமாகவும் இருக்கலாம்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் மனதை அறுக்கிறது. நான் வேலை செய்த ஒரு கிளப்பில் ஒரு விங்கர், அதாவது களத்தின் ஓரமாக ஓடித் தாக்கும் வீரர், இருந்தார். அணியிலேயே அதிக விலை கொடுத்து வாங்கப்பட்டவர். இரண்டு சீசனில் ஐந்து காயம், மொத்தம் 214 நாள். நிர்வாகம் கேட்டபோது அந்த 214-ஐத்தான் எழுதிக் கொடுத்தேன். ஐந்தில் மூன்று வலது ஹாம்ஸ்ட்ரிங்கில் ஒரே இடத்தில் வந்தவை. முதல் தடவை காயம்பட்ட 17-ஆம் நாளே அவரைக் களத்துக்கு அனுப்பினோம். பெரிய ஆட்டம் ஒன்று இருந்தது, பயிற்சியாளர் கேட்டார், நான் கையெழுத்துப் போட்டேன்.

அன்று காலை அவரைப் பரிசோதித்தது நன்றாக நினைவிருக்கிறது. குப்புறப் படுத்திருந்தார். முழங்காலைக் கொஞ்சம் மடக்கச் சொல்லி, குதிகாலை என் கையால் கீழே தள்ளி, எதிர்த்து இழுக்கச் சொன்னேன். இடது கால் கல்லு மாதிரி நின்றது. வலது காலும் நின்றது, ஆனால் ஒரு நொடி தாமதமாக. "ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் குரலில் வலி இல்லை. ஆனால் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அதைப் பார்த்தேன், பார்த்தும் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது நாள் கழித்து அதே தசை மறுபடி கிழிந்தது. சீசன் முடிந்ததும் கிடைத்த விலைக்கு விற்றார்கள். வாங்கிய கிளப் அவருக்கு முழு முன்சீசன் பயிற்சி கொடுத்து, எட்டு வாரம் அவசரப்படுத்தாமல் பயிற்சிச் சுமையை ஏற்றியது. அங்கே நான்கு வருடம் ஆடினார்.

அதனால் ஒவ்வொரு சிவப்புக் கட்டத்துக்கும் பக்கத்தில் இப்போது ஐந்தாவதாக ஒன்றும் எழுதுகிறேன்: இதில் எங்கள் பங்கு என்ன? மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் ஆட வைத்தோமா? நடுவில் பயிற்சியாளர் மாறி, பயிற்சியின் வேகம் திடீரென்று கூடியதா? கிளப்பே உண்டாக்கிய காயத்தைக் கிளப்பே திருத்தலாம். திருத்தாமல் அவரை விற்றால், அடுத்து வாங்குகிறவருக்கும் அதே கதிதான்.

எந்தக் காயம் பயப்பட வேண்டிய காயம்? எதிராளி மோதிக் கால் முறிந்தது, முகத்தில் அடி விழுந்தது என்றால் அது துரதிர்ஷ்டம், அவர் உடம்பின் குறை அல்ல. தசைக் கிழிசலில் வெறும் தசை இழைகள் கிழிந்ததற்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் வரை கிழிந்ததற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டாவது ஆற அதிக நாள் பிடிக்கும், திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். முழங்கால் எலும்புகளைப் பிணைத்து வைக்கும் ஏசிஎல் என்ற நார் கிழிந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஐரோப்பாவின் முன்னணி வீரர்களைத் தொடர்ந்து கவனித்ததில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒரு வருடத்தில் ஆடத் திரும்பினார்கள். ஆனால் மூன்று வருடம் கழித்தும் அதே உச்ச நிலையில் ஆடியவர்கள் சுமார் 65 சதவீதம்தான்.

என்னை மிகவும் பயமுறுத்துவது வேகம் திரும்பாத காயம். வீரர்கள் அணியும் ஜிபிஎஸ் உடுப்பில் அவரது அதிகபட்ச வேகமும், ஆட்டத்துக்கு எத்தனை தடவை முழு ஓட்டம் ஓடினார் என்பதும் பதிவாகியிருக்கும். காயத்துக்கு முந்தைய எண்ணையும், திரும்பி வந்து பத்து ஆட்டம் ஆன பிறகு உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈடன் ஹசார்டை 2019-இல் ரியல் மாட்ரிட் சுமார் 10 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. அந்த நவம்பரிலேயே பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜிக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்காலில் அடி. நான்கு சீசனில் 76 ஆட்டம், 7 கோல். நடு நடுவே ஆடத்தான் செய்தார், ஆனால் எதிராளியை நிற்கவைத்துத் தாண்டிப்போகும் அந்த முதல் இரண்டு அடி திரும்பவில்லை. 2023-இல் ஒரு வருட ஒப்பந்தம் மீதம் இருக்கும்போதே பேசிப் பிரிந்தார்கள், அந்த அக்டோபரில் ஓய்வும் அறிவித்துவிட்டார். அப்போது வயது 32.

இதற்கு நேர் எதிர் உஸ்மான் டெம்பெலே. 2017-இல் 10.5 கோடி யூரோவுக்குப் பார்சிலோனா வந்தார். வந்து ஒரு மாதம் ஆவதற்குள் ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்தது, அப்போது வயது 20. அதற்குப் பிறகும் அதே வகைக் காயங்கள். ஆனால் திரும்பிய ஒவ்வொரு தடவையும் வேகம் அப்படியே இருந்தது. 2023-இல் சுமார் 5 கோடிக்கு பிஎஸ்ஜி வாங்கியது. 2025-இல் சாம்பியன்ஸ் லீக்கும் வென்றார், வருடத்தின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதும் வாங்கினார். ஆர்யன் ராபெனையும் அப்படித்தான் தொட்டால் உடையும் கண்ணாடி என்றார்கள். 2009-இல் பயர்ன் மியூனிக் அவரை வாங்கிப் பத்து சீசன் வைத்திருந்தது. 2013 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் 89-ஆவது நிமிடம் வெற்றி கோல் அடித்தது அவர்தான்.

பணம்: வாங்கின விலையை மறந்துவிடுங்கள்

கூட்டத்தில் யாராவது "அத்தனை கோடி போட்டிருக்கிறோமே" என்று ஆரம்பித்தால் நான் குறுக்கே பேசிவிடுவேன். அந்தப் பணம் போனது போனதுதான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று இன்னும் இரண்டு வருடச் சம்பளத்தை அதன் பின்னால் அனுப்பக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 கோடி யூரோவுக்கு, 5 வருட ஒப்பந்தத்தில் வாங்கினோம் என்று வையுங்கள். கணக்குப் புத்தகத்தில் வருடத்துக்கு 1.2 கோடியாகக் கழியும். மூன்று வருடம் முடிந்தால் 2.4 கோடி பாக்கி நிற்கும். இப்போது ஒரு கிளப் 1.5 கோடி தருகிறேன் என்கிறது. உடனே "90 லட்சம் நஷ்டமா?" என்ற குரல் எழும். அந்த நஷ்டம் விற்பதால் வரவில்லை, ஏற்கெனவே வந்துவிட்டது, புத்தகத்தில் இன்னும் எழுதவில்லை, அவ்வளவுதான். நிதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக அதை எந்த வருடக் கணக்கில் காட்டுவது என்று கணக்காளர் யோசிக்க வேண்டும். அதைத் தவிர வேறு விஷயம் அதில் இல்லை.

நாம் பார்க்க வேண்டியது இனி ஆகும் செலவு. சம்பளம் வருடத்துக்கு 80 லட்சம், இரண்டு வருடத்துக்கு 1.6 கோடி. வேண்டாம் என்று விடும் 1.5 கோடியைச் சேர்த்தால் 3.1 கோடி. சிவப்புக் கட்டங்களை வைத்துப் பார்த்தால் சீசனுக்கு 20 ஆட்டம் ஆடுவார், இரண்டு சீசனில் 40. ஒரு ஆட்டத்துக்கு 7.75 லட்சம். பதிலுக்கு 2 கோடிக்கு 4 வருட ஒப்பந்தத்தில், 60 லட்சம் சம்பளத்தில் ஒருவர் வந்தால் வருடத்துக்கு 1.1 கோடி. அவர் 35 ஆட்டம் ஆடினால் ஆட்டத்துக்கு 3.15 லட்சத்துக்குள். நம் நட்சத்திரம் இரண்டரை மடங்கு விலை.

இரண்டரை மடங்கு என்பதற்காகவே விற்றுவிடவும் கூடாது. அவர் ஆடும் 20 ஆட்டம் எவை என்று பாருங்கள். இறுகிய ஆட்டத்தைத் திறந்துவிடும் ஆள் அவர் ஒருவர்தான் என்றால் அந்த விலை தகும். அவர் இல்லாத மீதி ஆட்டங்களில் யார் ஆடுகிறார் என்பதை அதைவிட உன்னிப்பாகப் பாருங்கள். மாற்று ஆட்டக்காரர் அதே பாணியில் ஆடுகிறவராக இருந்தால் அணி தடுமாறாது. பாணியே வேறு என்றால், நட்சத்திரம் உள்ளே வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் மற்ற பத்துப் பேரும் ஆட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தக் குழப்பத்தில் போகும் புள்ளிகள் எந்தத் தாளிலும் அவர் பெயரில் ஏறாது. இப்படி அடிக்கடி காயப்படும் ஒருவரை அணி தாங்கும். நடுக்களத்திலோ முன்வரிசையிலோ ஒரே இடத்தில் இப்படி இருவர் என்றால் ஒருவரை விட்டே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வைத்துக்கொள்வது என்றால்

ஒப்பந்தத்தைத் திரும்ப எழுதப் பாருங்கள். நிரந்தரச் சம்பளம் குறைவு, ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித் தொகை. 2009-இல் மைக்கேல் ஓவன் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தது இந்த மாதிரியில்தான் என்று அப்போதே பரவலாக எழுதினார்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: ஆட்டத்துக்கு இவ்வளவு என்று எழுதினால் வீரர் வலியை மறைக்கத் தொடங்கலாம். அதனால் அந்தத் தொகை பெரிதாக வேண்டாம், மருத்துவர் ஓய்வு சொன்ன ஆட்டத்துக்கும் ஒரு பகுதி கொடுங்கள். வெள்ளை விரல்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.

பயிற்சியையும் அவருக்கேற்ப மாற்றுங்கள். டாட்டன்ஹாமின் லெட்லி கிங்குக்கு முழங்கால் கெட்டுப்போயிருந்தது. கடைசி வருடங்களில் அணியோடு பயிற்சியே அரிதாகத்தான் செய்தார், ஆனால் ஆட்டத்தன்று தற்காப்பின் நடுவில் தூண் மாதிரி நின்றார். தேசிய அணியில் ஆடுகிறவர் என்றால் ஃபிஃபாவின் கிளப் பாதுகாப்புத் திட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஆடும்போது காயம்பட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், கிளப் கொடுக்கும் சம்பளத்துக்கு அதிகபட்சம் 75 லட்சம் யூரோ வரை இழப்பீடு உண்டு.

ஒப்பந்தம் கடைசி வருடத்தைத் தொட விடாதீர்கள். ராபின் வான் பெர்சியின் காயங்களை ஆர்சனல் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டது. 2011-12-இல் 38 லீக் ஆட்டமும் ஆடி 30 கோல் அடித்தார். அப்போது ஒப்பந்தத்தில் மீதி ஒரே வருடம். அந்தக் கோடையில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய், அடுத்த சீசனே லீக் பட்டம் வென்றார். பொறுமையாக வளர்த்த பயிரைப் பக்கத்து வயல்காரர் அறுத்துக்கொண்டு போனார்.

விடுவது என்றால்

அவர் ஓடிக்கொண்டிருக்கும்போது விற்க வேண்டும். வாங்கும் கிளப்பின் மருத்துவர் எல்லாவற்றையும் பார்ப்பார், படுக்கையில் இருப்பவருக்கு விலை கிடைக்காது. யாரும் வாங்கவில்லை என்றால் சம்பளத்தைப் பங்குபோட்டு வேறு கிளப்புக்குக் கடனாக அனுப்பலாம், அல்லது ஹசார்டைப் போலப் பேசிப் பிரியலாம். அடிக்கடி காயம்படுகிறார் என்று மட்டும் சொல்லி ஒப்பந்தத்தை ஒருதலையாக முறிக்க முடியாது. நிரந்தரமாக ஆட முடியாமல் போனால் மட்டும் சில லீக்குகளின் ஒப்பந்தங்களில் தனி விதி இருக்கும். அவரைத் தனியாகப் பயிற்சி செய்யவைத்துத் துரத்தப் பார்க்கிறவர்களும் உண்டு. அது அநியாயம், வழக்கு வந்தால் கிளப்தான் மாட்டும்.

முடிவைப் பயிற்சியாளரே வீரரிடம் நேரில் சொல்ல வேண்டும், பத்திரிகையில் வருமுன். அப்புறம் வீரரின் சம்மதத்தோடு முழு மருத்துவக் கோப்பையும் புதுக் கிளப்புக்கு அனுப்புங்கள். ஸ்கேன் மட்டும் போதாது. எந்தப் பயிற்சி ஒத்துக்கொண்டது, ஆட்டத்துக்குப் பிறகு எத்தனை நாள் ஓய்வு தேவைப்பட்டது, எப்போது அவசரப்பட்டோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த விங்கரின் கோப்பில் 17-ஆம் நாளைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. இப்போது எந்தக் கோப்பை அனுப்பினாலும் அந்த மாதிரித் தேதிகளை முதல் பக்கத்தில் எழுதி, அதன் கீழேதான் கையெழுத்துப் போடுகிறேன்.