கடற்கரை வீட்டில் ஏ.சி.: வெக்கையை அல்ல, புழுக்கத்தைப் பார்த்து அமைப்பது எப்படி?

பரமக்குடியில் மதிய வெயிலில் பேருந்து ஏறி மண்டபத்தில் வந்து இறங்கியவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் புரியும். அங்கே வெயில் சுள்ளென்று அடித்தாலும் நிழலில் ஒதுங்கினால் வியர்வை காய்ந்துவிடும். இங்கே வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி குறைத்துக் காட்டினாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முன்னதை வெக்கை என்றும் பின்னதைப் புழுக்கம் என்றும் நாம் வேறு வேறு பெயரிட்டு அழைக்கிறோம். ஏ.சி. ரிமோட்டில் தெரியும் எண்ணோ வெப்பநிலையை மட்டுமே சொல்கிறது. காற்றில் உள்ள ஈரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆகவே இராமநாதபுரம் கரையில், இராமேஸ்வரம் முதல் கீழக்கரை, ஏர்வாடி வரையிலும் தொண்டிப் பக்கத்திலும் முதன்முதலாக ஏ.சி. வாங்கியிருப்பவர்கள், அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே போவதற்கு முன்னால் அறையின் ஈரப்பதத்தைக் கவனிக்கப் பழக வேண்டும்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, "பெரிதாக இருந்தால் சீக்கிரம் குளிரும்" என்று கடையில் சொன்னதை நம்பி 1.5 டன் (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏ.சி. வாங்கினேன். அறை சில நிமிடங்களிலேயே குளிர்ந்தது. உடனே கம்ப்ரசர் நின்றது. காற்றிலிருந்த ஈரம் அப்படியே தங்கிவிட்டது. 18 டிகிரி வரை இறக்கிப் பார்த்தும் தலையணை உறை நனைந்தது போலவே இருந்தது; மேசையில் விட்ட நோட்டுப்புத்தகத்தின் தாள்கள் காலையில் துவண்டு கிடந்தன. ஏ.சி. ஈரத்தை எடுக்க வேண்டுமானால், அதன் உள்ளே இருக்கும் குளிர்ந்த செப்புக் குழாய்களின் மீதும் தகடுகளின் மீதும் காற்று நெடுநேரம் பட்டு, நீராவி துளியாகி, தட்டில் வடிந்து வெளியேற வேண்டும். தேவைக்கு மீறிய டன் உள்ள இயந்திரம் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

முதல் படி: அளந்து பாருங்கள்

சில நூறு ரூபாய்க்கு வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் காட்டும் சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. அதை வாங்கிக் கட்டிலின் தலைமாட்டு உயரத்தில், ஏ.சி. காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். 40 முதல் 60 சதவீதம் வரை இருந்தால் உடலுக்கு இதமாக இருக்கும். நம் கரையில் 50 முதல் 55 வரை கொண்டுவந்தாலே போதுமானது என்பது என் அனுபவம்.

மலிவான கருவி சரியாகக் காட்டுகிறதா என்ற ஐயம் எழும். அதைத் தீர்க்க உப்பே உதவும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சில துளி நீர் விட்டு, ஈர மணலைப் போலக் குழைத்துக்கொள்ளுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடி, எட்டு மணி நேரம் அசைக்காமல் விட்டுவிடுங்கள். டப்பாவுக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். கருவி 70 என்று காட்டினால், இனி அது காட்டும் எண்ணோடு 5 கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கல்லுப்பைப் பயன்படுத்த வேண்டாம். அதில் கலந்திருக்கும் மக்னீசிய உப்புகள் இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்வதால் அளவு தவறிவிடும். வாலிநோக்கத்து உப்பளம் நம் மாவட்டத்திலேயே இருந்தும், சமையலறை ஜாடியில் கல்லுப்பு கசிவதை "மழை வரப்போகிறது" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோமே தவிர, அந்த ஜாடியே ஓர் ஈரப்பதமானி என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாம் படி: வெளிக்காற்று நுழையும் வழிகளை அடைத்துவிடுங்கள்

வெளியே 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு மாலை வேளையை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரிக் காற்றோ 22 கிராமுக்கு மேல் தாங்காது. கதவிடுக்கு வழியே வரும் காற்று அறைக்குள் குளிர்ந்தால், மிஞ்சும் ஈரத்தை ஏ.சி. எடுக்க வேண்டும், இல்லையேல் அது சுவரிலோ தரையிலோ படியும் என்பது இதிலிருந்து தெரியும். பத்தடி உயரமுள்ள என் அறையின் காற்றில், ஏ.சி. போடுவதற்கு முன் 800 கிராமுக்குச் சற்று அதிகமான நீர் இருக்கிறது. 24 டிகிரியில் 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 400 கிராம்தான் மிஞ்சும். ஒருமுறை எடுத்தால் போதும் என்றால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். கதவடியிலும் ஜன்னல் சட்டத்திலும் ஏ.சி. குழாய் செல்லும் சுவர் ஓட்டையிலும் புதிய ஈரம் வந்துகொண்டே இருப்பதால்தான் அது முடிவதில்லை.

கதவடிக்கு ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்துக்குப் பஞ்சு நாடா, சுவர் ஓட்டைக்கு அடைப்பு மெழுகு ஆகியவை போதும். அறைக்குள் ஈரத் துணியைக் காயப்போடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

மூன்றாம் படி: கூலா, டிரையா?

ரிமோட்டில் பனிப்பூப் படம் கூல் நிலையையும் நீர்த்துளிப் படம் டிரை நிலையையும் குறிக்கும். துளிப் படம் இருப்பதால், ஈரத்தை எடுக்க எப்போதும் டிரைதான் சிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. டிரை நிலையில் விசிறி மெதுவாகச் சுழலும். கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும். மே மாதத்துப் பகலில் அது வெப்பத்தையும் அடக்காது, கம்ப்ரசர் குறைவாக ஓடுவதால் மொத்தத்தில் ஈரத்தையும் குறைவாகவே எடுக்கும். வெக்கையும் புழுக்கமும் சேர்ந்திருக்கும் காலத்தில் கூல் நிலையே அதிக நீரை வெளியேற்றும்.

டிரைக்கு உரிய காலம் ஐப்பசி முதல் மார்கழி வரை நீளும் வாடைப் பருவம். அப்போது அறை 27 டிகிரி அளவில்தான் இருக்கும். ஆனால் மழையீரம் சுவரெல்லாம் ஊறியிருக்கும். கூல் போட்டால் உடல் நடுங்கும், நிறுத்தினால் புழுங்கும். அந்த இரவுகளில் டிரை நிலையை ஓரிரு மணி நேரம் ஓடவிடுவது நல்ல பலன் தரும்.

கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரைக்குக் கரை கணக்கு மாறும். கிழக்கு நோக்கிய தொண்டி, தேவிபட்டினம் பகுதிகளுக்கு அந்தக் காற்று நிலத்தின் மேலாக வருவதால் பகலில் வறண்டிருக்கும்; தெற்கு நோக்கிய கீழக்கரை, ஏர்வாடிக்குத் தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடாவின் மேல் தவழ்ந்து ஈரத்தோடு வரும். ஆகவே உறவினர் வீட்டு அமைப்பை அப்படியே பின்பற்றாமல், உங்கள் ஈரப்பதமானியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: வெப்பநிலையும் விசிறி வேகமும்

இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெற்ற வீட்டு ஏ.சி.கள் 24 டிகிரியை இயல்பு அமைப்பாகக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. நீங்களும் 24-இல் தொடங்குங்கள். அறை குளிரும் வரை, அதாவது முதல் இருபது நிமிடங்களுக்கு, ஏ.சி.யின் விசிறியை அதிக வேகத்தில் வையுங்கள். அதன்பிறகு குறைந்த வேகத்துக்கு மாற்றுங்கள்.

இந்த மாற்றந்தான் இந்த விளக்கத்தின் உயிர்நாடி. காற்று மெதுவாகச் செல்லும்போது உள்ளிருக்கும் தகடுகள் இன்னும் குளிர்கின்றன. ஈரம் கூடுதலாகப் படிகிறது. வேகமாகச் சென்றால் அறை சீக்கிரம் குளிரும், ஆனால் ஈரம் பெரும்பாலும் காற்றோடு திரும்பி வந்துவிடும். இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். டிரைன் பைப்பின் கீழே ஒரு வாளியை வைத்து, ஒரு நாள் அதிக வேகத்திலும் மறுநாள் அதே நேரத்தில் குறைந்த வேகத்திலும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சேரும் நீரை அளவுக் குவளையால் அளந்து பாருங்கள். என் வீட்டில் குறைந்த வேகத்தில் ஒரு லிட்டருக்கு மேல் சேர்ந்தது. அதிக வேகத்தில் முக்கால் லிட்டரைத் தாண்டவில்லை. குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் மாவட்டத்தில் அந்த வாளித் தண்ணீரை வீணாக்க மனம் வராது. தரை துடைக்கவும் செடிகளுக்கு ஊற்றவும் அது நன்றாகப் பயன்படும்; குடிப்பதற்கு மட்டும் ஆகாது.

ஈரப்பதம் 55-க்குக் கீழே இறங்கியதும் வெப்பநிலையை 26 ஆக உயர்த்தி, மேலே மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். வறண்ட 26 டிகிரி, ஈரமான 22 டிகிரியைவிட இதமாக இருப்பதை அன்றிரவே உணர்வீர்கள். குறைந்த விசிறி வேகத்தோடு 16 அல்லது 17 டிகிரி வைப்பது கூடாது. ஃபில்டரில் தூசும் சேர்ந்திருந்தால் தகடுகளில் பனிக்கட்டி உறைந்து காற்றே வராமல் போகும்.

ஐந்தாம் படி: இரவும் விடியலும்

ஸ்லீப் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான மாடல்களில் வெப்பநிலை மணிக்கு ஒரு டிகிரி வீதம் இரண்டு டிகிரி வரை தானாக உயரும். அப்போது கம்ப்ரசர் ஓடும் நேரம் குறையும். விடியற்காலையில்தான் வெளியே ஈரம் மிகுந்திருக்கும். 26-இல் தொடங்கி ஸ்லீப் போட்டால் நான்கு மணிக்குப் புழுங்கி எழுந்திருக்க நேரிடும். 24-இல் தொடங்கினால் பிரச்சினை இல்லை.

காலையில் ஏ.சி.யை நிறுத்திய கையோடு ஜன்னலைத் திறப்பது நம் வீடுகளின் பழக்கம். மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் குளிர்ந்த அறையிலிருந்து முற்றத்துக்கு வந்ததும் கண்ணாடி வெண்மையாக மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பார்கள். ஜன்னலைத் திறந்ததும் சுவருக்கும் பீரோவின் பின்புறத்துக்கும் அதே கதிதான். அங்கே கண்ணுக்குத் தெரியாமல் படியும் ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது. ஏ.சி.யை நிறுத்தி, மின்விசிறியை மட்டும் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சுவர் வெப்பமேறிய பிறகு திறந்தால் போதும்.

கடைசியாக, உப்புக்காற்று

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாய் நீரில் கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்தி மாட்டுங்கள். வெளி யூனிட்டின் தகடுகளில் படியும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். பாம்பனில் 1914-இல் கட்டிய இரயில் பாலத்தை எத்தனை முறை பூச்சுப் பூசிக் காத்தார்கள் என்பதை இந்தப் பக்கத்து மக்கள் அறிவார்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அழுத்தம் குறைந்த நீரால் தகடுகளைக் கழுவுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரித்தால் அதைத் தொடவே வேண்டாம். காவிரிக் கூட்டுக்குடிநீரிலோ சேமித்த மழைநீரிலோ ஒரு வாளி எடுத்து, மேலிருந்து கீழாக மெதுவாக ஊற்றிக் கழுவி, நன்றாக வடிந்து உலர்ந்த பிறகே மீண்டும் இயக்குங்கள்.