பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தைக் கதையாக்க

சென்னை வியாசர்பாடியில், பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு தமிழ்க் குடும்பத்தை வைத்துச் சிறுகதை எழுதப்போகிறீர்களா? முதலில் வயதுக் கணக்கைப் போடுங்கள். பல கதைகள் சறுக்குவது இங்கேதான். 1962இல் பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அந்த மே மாதமே 50, 100 கியாட் (பர்மா நாணயம்) நோட்டுகளும் செல்லாமல் போயின. பிழைப்பிழந்த தமிழர்கள் பலர் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். அன்று பத்து வயதுச் சிறுமி 2024இல் எழுபது வயதுக் கிழவி. ரங்கூன் அவளுடைய நினைவு. சென்னையில் பிறந்த மகனையும் ரங்கூனுக்காக ஏங்கவிட்டால் பொய் பல்லிளிக்கும். பார்த்தேயிராத ஊரின் பெயரால் தெருவே கூப்பிடும் எரிச்சல்தான் அவனுக்குப் பொருந்தும்.

பேச்சையும் பிரியுங்கள். தாத்தா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறியவர் என்றால் அம்மா "என்னடா" என்பாள். மகன் "இன்னாமா" என்பான். இருவர் வாயிலும் ஒரே தமிழ் வந்தால் தலைமுறை இடைவெளியை நீங்களே விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

'எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை' என்று பாத்திரம் புலம்ப ஆரம்பித்தால் கதை படுத்துவிடும். ஒன்றைப் பிடித்தால் மற்றது கைவிட்டுப் போகிற ஒரு முடிவை அவள் முன் வையுங்கள். பர்மாவிலேயே தங்கிவிட்ட அண்ணனின் வைத்தியத்துக்கு நாற்பதாயிரம் வேண்டும். இங்கே பேத்தியின் கல்லூரிக் கட்டணமும் அதே நாற்பதாயிரம். தொகையை எழுதுங்கள், கெடு தேதியையும்.

வரலாற்றிலேயே இதைவிடக் கூர்மையான முடிச்சு கிடக்கிறது. இந்தியா வந்தவர்களில் சிலர் இங்கே ஒட்டாமல், மணிப்பூர் வழியாகப் பர்மாவுக்கே திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் மறிக்கப்பட்டு, மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயிலேயே குடியேறினார்கள். தம்பி மோரேயில், அக்கா வியாசர்பாடியில் என்று வையுங்கள். தொலைபேசியில் அவன், "நீ பயந்துட்டக்கா" என்கிறான். அவள், "புள்ளைக்குப் பால் வாங்கக் காசில்லாம எங்கடா கெளம்புறது?" என்கிறாள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கட்டும். தீர்ப்புச் சொல்ல நீங்கள் நுழையாதீர்கள்.

பர்மா நூடுல்ஸ் உணவான அத்தோவைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை செகண்ட் லைன் பீச் சாலைக் கடையில் நூடுல்ஸும் முட்டைக்கோஸும் புளித்தண்ணீரும் பிசைவதையே இரண்டு பக்கம் வர்ணித்தால் அது உணவுக் குறிப்பு. தட்டு கதைக்குள் வர ஒரு காரணம் வேண்டும்: அக்கா கடையை விற்கப் பார்க்கிறாள், மகன் தடுக்கிறான். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடை போட்ட சென்னை பர்மா பஜாருக்கும் இதுவே விதி.

முடிவில் அவள் எந்த நாட்டுக்காரி என்று அறிவிக்கத் தேவையில்லை. அந்த நாற்பதாயிரம் யாருக்குப் போனது என்பது மட்டும் வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும்.